அடுப்புக்கு யார் மார்க் போடுவது?

எங்கள் சுரண்டைப் பக்கத்தில் பழைய வீடுகளின் அடுப்பு பெரும்பாலும் கொடியடுப்புதான். முன்வாயில் விறகு, அதன் மேல் சோற்று உலை. உள்ளிருந்து பக்கவாட்டில் போகும் துளை வழியே மிச்சத் தீ இன்னொரு கண்ணுக்குப் போகும். அதில் குழம்போ ரசமோ மெதுவாகக் கொதிக்கும். ஒரே விறகில் இரண்டு சட்டி. இதை மண் குழைத்துப் போட்டவர்கள் வீட்டுப் பெண்கள். அவர்களை யாரும் வடிவமைப்பாளர் என்று சொன்னதில்லை.

'மேம்படுத்தப்பட்ட அடுப்பு' என்ற பேச்சு இந்தியாவில் தொடங்கிய இடங்களில் ஒன்று வார்தா. 1934இல் காந்தி அங்கே அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தைத் தொடங்கினார். அதை நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. சங்கம் இருந்த வளாகத்துக்கு மகன்லால் காந்தியின் நினைவாக மகன்வாடி என்று பெயர். 'மகன் சூலா' என்ற புகைபோக்கி வைத்த மண் அடுப்பு அங்கிருந்துதான் வந்தது. அடுத்து ஹைதராபாத் பொறியாளர் எஸ்.பி. ராஜு. கோடிக்கணக்கான வீடுகளுக்குப் புகையில்லாச் சமையலறை வேண்டும் என்று அவர் எழுதிய சிறு நூல் 1953இல் சென்னையில் அச்சானது. இவர்கள் கவலையெல்லாம் புகை.

எழுபதுகளில் கவலை மாறியது. எண்ணெய் விலை ஏறியது, காடு அழிகிறது என்ற பயம் வந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்ய ரெட்டி 1974இல் தொடங்கிய அஸ்த்ரா குழு, மூன்று சட்டி வைக்கும் 'அஸ்த்ரா ஒலெ'யை உருவாக்கியது. இப்போது கேள்வி வேறு: எவ்வளவு விறகு மிச்சம்?

அதற்கு ஒரு பரீட்சை உண்டு. விறகை எடை போடு, பானையில் தண்ணீரை அளந்து ஊற்று, கொதிக்க வை, பிறகு சிறு தீயில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வைத்திரு, மிஞ்சிய விறகையும் கரியையும் தண்ணீரையும் மறுபடி எடை போடு. எரிந்த விறகின் சூட்டில் எவ்வளவு பானைக்குப் போனது என்று தெரிந்துவிடும். புகை என்பது முழுசாக எரியாத விறகு. பானைக்குப் போகாத சூடு வீணான சூடு. இரண்டும் தனித்தனிப் பிரச்சினை. பானையைச் சுற்றி இடைவெளியைக் குறைத்தால் விறகு மிச்சமாகும். ஆனால் காற்றோட்டம் தடைபட்டால் புகை கூடும்.

1981இல் கிர்க் ஸ்மித்தும் அவரது இந்தியச் சகாக்களும் குஜராத் கிராமங்களில், சமைக்கும் பெண்கள் இழுக்கும் மூச்சுக்காற்றில் எவ்வளவு புகைத்துகள் என்று அளந்தார்கள். கண் எரிச்சல் என்று தள்ளிவைத்திருந்த விஷயம் நோயின் கணக்குக்குள் வந்தது.

1983இல் மத்திய அரசின் தேசிய அடுப்புத் திட்டம் ஆரம்பமானது. 2002இல் அதை நிறுத்தும்போது சுமார் 3.5 கோடி அடுப்புகள் போட்டாகிவிட்டன என்றது கணக்கு. ஆனால் அது போட்ட அடுப்பின் கணக்கு, எரிந்த அடுப்பின் கணக்கல்ல. புகைபோக்கியில் கரி அடைத்தது, மண் வெடித்தது, கண்ணின் அளவுக்கு வீட்டுச் சட்டி பொருந்தவில்லை. புகையில்லா அடுப்பைப் பற்றி எங்கள் ஊர் ஆச்சி ஒருத்தி சொன்னது: "அடுப்பு நல்லாத்தாம்மா இருக்கு. அந்தச் சின்ன வாய்க்கு விறகு வெட்டித்தான் மாளல." விறகு மிச்சம் என்று தாள் சொல்லும். அந்த விறகைச் சிறாய் சிறாயாகப் பிளப்பவளின் நேரம் எந்தத் தாளிலும் இல்லை.

பிற்பாடு ஒடிசாவில் எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் சுமார் 2,600 குடும்பங்களைப் பல வருஷம் பின்தொடர்ந்தார்கள். முதல் வருஷம் உள்ளே போகும் புகை குறைந்தது. பிறகு அந்தப் பலன் காணாமல் போனது. பலர் அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பராமரிக்கவும் இல்லை. மக்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று இதற்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தினசரி வேலையைக் கூட்டுகிற சாமானை யார் வைத்துக்கொள்வார்கள்?

சர்வதேச அளவில் எண்பதுகளிலேயே மூன்று சோதனைகளை வகுத்திருந்தார்கள். முதலாவது தண்ணீர் கொதிக்க வைப்பது. இரண்டாவது, உள்ளூர்ப் பெண் தன் வழக்கப்படி ஒரு வேளைச் சமையலைச் சமைப்பது. மூன்றாவது, அவள் வீட்டிலேயே பல நாள் விறகை எடைபோட்டுப் பார்ப்பது. முதலாவது பட்டறையில் ஒரு மதியத்தில் முடியும். எண்ணும் சுத்தமாகக் கிடைக்கும். ஆனால் யாரும் வெறும் தண்ணீரைச் சாப்பிடுவதில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் எண்பதுகளில் வந்த 'அனகி' அடுப்பு வேறு வழியில் போனது. சுட்ட மண்ணில் ஒரே வார்ப்பு, இரண்டு சட்டி: முன்னால் சோறு, பின்னால் கறி. குயவர்களுக்கு அளவு பிசகாமல் வனையப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் செய்தார்கள், வியாபாரிகள் கடையில் விற்றார்கள், ஜனங்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். உடைந்தால் இன்னொன்று வாங்கலாம். பார்த்தால் நம்ம கொடியடுப்புக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரிதான்.

2016இல் உஜ்வலா வந்தது. கேஸ் இணைப்பு கிட்டத்தட்ட எல்லா வீட்டுக்கும் போனது. இருந்தும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் புறவாசலில் பனைமட்டையும் உடைமுள்ளும் எரிகின்றன. சிலிண்டர் தீர்ந்த வாரத்தில் சோறும் அங்கேதான். அந்த அடுப்புக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. இனி இந்தப் பக்கம் யாராவது அடுப்புப் பட்டறை நடத்தினால் மூன்றாவது சோதனையிலிருந்து தொடங்கட்டும். தராசைத் தூக்கிக்கொண்டு முதலில் புறவாசலுக்குப் போகட்டும். என்ன சட்டி, என்ன விறகு, யார் பிளக்கிறார்கள், கரியை யார் தட்டுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு, அதன் பிறகு மண்ணைக் குழைக்கட்டும்.