லட்சுமிக்குக் கீழே ஒரு கணக்கு

நாடுகாணிப் பக்கம் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருந்த எங்கள் லயன் வீட்டில் சாமி அறை கிடையாது. அடுப்புக்கு எதிர்ச்சுவரில் தொங்கிய காலண்டர் லட்சுமிதான் சாமி. கீழே கடைக்காரரின் பெயர், அதற்கும் கீழே மாதத் தாள்கள். படத்தின் ஓரத்தில் சி. கொண்டையா ராஜுவின் கையெழுத்து.

கொண்டையா ராஜு (1898–1976) சென்னைக் கலைப் பள்ளியில் பயின்றவர். சில காலம் ரமணாசிரமத்தில் இருந்துவிட்டு, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதப் போனார். கம்பெனி கலைந்ததும் 1940-களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அங்கே தேவி ஆர்ட் ஸ்டூடியோவில் புகைப்பட வேலையும் ஓவியமும் சேர்ந்தே நடந்தன. அவருடைய தேவியரைக் கவனித்தால் இரண்டு தொழிலும் தெரியும். நேர்முகமாக நிற்பது மேடையின் வழக்கம். முகத்தில் நிழலோ சுருக்கமோ இல்லாதது ‘டச்சப்’ செய்த புகைப்படத்தின் வழக்கம்.

படம் பக்கத்துச் சிவகாசிக்குப் போகும். அங்கே வண்ண வடிகட்டி வைத்து அதை நான்கு முறை படமெடுத்து நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு எனப் பிரிப்பார்கள். நிறத்துக்கு ஒரு தகடு. தகட்டில் மை ஏறும் இடம் எண்ணெய்ப் பசையை ஏற்கும்; மற்ற இடம் நீரை ஏற்று மையைத் தள்ளும். தகட்டிலிருந்து ரப்பர் உருளைக்கும் அதிலிருந்து தாளுக்கும் படம் இறங்கும். நான்கு நிறப் புள்ளிகளும் சரியாக உட்கார்ந்தால்தான் லட்சுமியின் கன்னம் சிவக்கும்.

மலிவான இந்த அச்சு கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் வீட்டுக்கும் தெய்வத்தைக் கொண்டு வந்தது. பூசாரி இல்லாமல் என் அம்மாவே விளக்கேற்றினாள். ஆனால் வந்த தெய்வத்துக்கு வெளுத்த மேனி, பட்டு, உழைப்பறியாத விரல்கள். 1894-இல் தொடங்கிய ரவிவர்மா அச்சகம் பரப்பிய உடல்தான் அது. அம்மாவின் விரல்களிலோ தேயிலைக் கறை ரேகை ரேகையாய் ஓடியிருந்தது.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. முழுப் பேருக்கு ஒரு கோடு, அரைப் பேருக்கு அரைக்கோடு என்று மாதத் தாளில் பென்சிலால் போட்டு வைப்பாள். ஒரு மாதம் சம்பளத்தில் இரண்டு பேர் குறைந்தது. ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றி, லட்சுமியோடு ஆபீசுக்கு எடுத்துப் போனாள்.

“ஐயா, செக்ரோலப் பாத்தீங்க. இதையும் பாருங்க.”

கணக்கப்பிள்ளை சிரித்தார். ஒரு பேர் கிடைத்தது, இன்னொன்று கிடைக்கவில்லை.

இன்று காலண்டர் ஓவியத்தைச் சேகரிக்கிறார்கள். ஓவியரைப் பற்றியும் சிவகாசியைப் பற்றியும் ஆய்வுகள் வந்திருக்கின்றன. வர வேண்டியவைதான். படத்துக்குக் கீழே தொங்கிய தாள்களில் பெண்கள் எழுதியதை யாரும் எடுத்து வைக்கவில்லை. நாங்களும்தான். ஆண்டு முடிந்ததும் லட்சுமியை வெட்டி அட்டையில் ஒட்டினோம். மாதங்களை அடுப்பில் போட்டோம்.

என் நான்காம் வகுப்பு நோட்டுக்கு அட்டை போட்ட ஒரு தாள் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆகஸ்ட் மாதம். 19 கோடுகள், 4 அரைக்கோடுகள்.