வேலிக்கொடி மீனுக்குள் போன வழி

ஆவணி, புரட்டாசி மழைக்குப் பிறகு காரைக்குடிப் பக்கத்து முள்வேலிகளில் செங்காந்தள் ஏறிப் பூக்கும். கண்வலிக் கிழங்கு என்று சொல்லிப் பிள்ளைகளைக் கிட்டவே விடமாட்டார்கள். தின்றால் ஆளைக் கொல்லும். தமிழக அரசின் மாநில மலர் என்ற பட்டத்தால் விஷம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அந்த விஷத்துக்குத்தான் சந்தை. தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கத்தில் விதைக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள். சூல்தண்டு பக்கவாட்டில் வளைந்து விலகி நிற்பதால் தானாகக் காய் பிடிப்பது குறைவு. காலையில் பூப்பூவாகப் போய்க் கையால் மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும். காய்ந்த விதை மூட்டையாகி, வியாபாரி கைமாறி, ஆலையில் கோல்சிசின் என்ற மருந்தாகிறது. ஐரோப்பியச் செடி ஒன்றிலிருந்து பெல்லெத்தியே, கவாந்து என்ற வேதியியலாளர்கள் 1820-இல் பிரித்தெடுத்ததும் இதையேதான். கவுட் மூட்டுவலிக்கு இன்றும் கொடுக்கிறார்கள்.

மீன் ஆய்வகத்தில் இதற்கு வேறு வேலை. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் நுண்ணிழைகளைக் கோல்சிசின் உருவாகவிடாது. குரோமோசோம்கள் தடித்துச் சுருங்கி நடுவழியில் நின்றுவிடும். எண்ணுவதற்கு அதுதான் தருணம். மனிதனுக்கு 48 அல்ல, 46 என்று ஜோ, லெவான் என்ற ஆய்வாளர்கள் 1956-இல் காட்டியதும் இதன் உதவியால்தான். மீனுக்கு ஊசியில் ஏற்றி, சில மணி நேரம் கழித்து, இரத்த அணுக்கள் பிறக்கும் தலைப்பக்கச் சிறுநீரகத்தை எடுப்பார்கள். நீர்த்த உப்புக்கரைசலில் செல்கள் உப்பும். மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் அவற்றை நிலைப்படுத்தி, கண்ணாடித் தகட்டில் சொட்டவிட்டு, கீம்சா சாயம் ஏற்றினால் குரோமோசோம்கள் சிதறிக் கிடப்பது தெரியும்.

ரோகு, கட்லா, மிருகால் மூன்றுக்கும் 50. மகசீர் இனங்களுக்கு 100! முன்னோர் காலத்திலேயே குரோமோசோம் முழுத்தொகுதியும் இரட்டித்திருக்கிறது. செடிகளில் குரோமோசோமை இரட்டிக்க வேளாண் விஞ்ஞானிகள் இதே கோல்சிசினைத்தான் பூசுகிறார்கள். மகசீருக்கு அது தேவைப்படவில்லை.

காவிரியின் கூனல் மகசீரைத் தூண்டில்காரர்கள் நூறாண்டுக்கு மேலாக அறிவார்கள். அறிவியல் பெயர் மட்டும் 2018 வரை தெளிவாகவில்லை. காவிரிப் படுகையின் மோயாற்றில் கிடைத்த மீன்களை ஒப்பிட்டு, முன்பே பாம்பாற்றிலிருந்து விவரிக்கப்பட்ட டோர் ரெமாதேவியே இது என்று அந்த ஆண்டு முடிவுகட்டினார்கள். உடனேயே மிக அருகிவிட்ட இனங்களின் சிவப்புப் பட்டியலிலும் சேர்ந்தது. பாம்பாறு அமராவதியில் சேர்கிறது. அமராவதி, காந்தள் விளையும் தாராபுரத்தைத் தொட்டுத்தான் ஓடுகிறது. காவிரியில் கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மகசீர் பெருகியதும் கூனலின் சரிவுக்கு ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

ஊசி, சிறுநீரகம் என்ற பழைய முறையில் மீன் சாகும். ரோகுவுக்கு அது பொருட்டில்லை. கூனல் மகசீருக்குக் கூடாது. துடுப்பின் சிறு துணுக்கிலிருந்து செல் வளர்த்து, அந்தச் செல்லுக்குக் கோல்சிசின் கொடுத்தாலும் எண்ண முடியும்; லக்னோவின் தேசிய மீன் மரபு வளப் பணியகம் மீன் செல்களை வளர்த்துச் சேமித்தே வைத்திருக்கிறது. மோயாற்று மீனைக் கையிலெடுக்கும் ஆய்வாளர்கள் துணுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, மீனை ஆற்றிலேயே விட்டுவிடட்டும்.