சொல்லில் இல்லாத நரி: சிறார் படநூல்களில் பட விவரிப்பு

முன்னுரை

பார்வையற்ற குழந்தையிடம் ஒரு படநூலைச் சேர்ப்பது என்பது, நெடுங்காலம் அதன் எழுத்தைச் சேர்ப்பதாகவே கொள்ளப்பட்டது. படம் எழுத்துக்கு அணி மட்டுமே என்னும் எண்ணம் இதற்கு அடிப்படை. அவ்வெண்ணத்தின் போதாமையைப் பாட் ஹட்சின்ஸ் 1968இல் வெளியிட்ட ‘ரோஸிஸ் வாக்’ தெளிவாகக் காட்டும். 32 சொற்களே கொண்ட அந்நூலின் எழுத்து, ஒரு கோழி பண்ணையைச் சுற்றி நடந்து வீடு திரும்புவதை மட்டும் கூறுகிறது. அதைப் பிடிக்கத் தொடர்ந்து வந்து, பாயுந்தோறும் அடிபடும் நரி படத்தில் மட்டுமே உண்டு. எழுத்தை மட்டும் பெறும் குழந்தைக்கு நடை கிடைக்கிறது, கதை கிடைப்பதில்லை. பட விவரிப்பின் நெறிகள் எவ்வாறு உருவாயின, சிறார் படநூலுக்கு அவை எவ்வளவு பொருந்தும், தமிழில் விவரிக்கும்போது எழும் இலக்கணச் சிக்கல் யாது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

எழுத்து சென்றது, படம் நின்றது

லூயி பிரெயில் தம் புள்ளியெழுத்து முறையை 1829இல் நூலாக வெளியிட்டார். 1951இல் உருவான பாரதி பிரெயில், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்குப் பொதுவான அமைப்பைத் தந்தது. இவை எழுத்துக்கு வழி திறந்தன, படத்துக்கு அன்று. குழந்தைகளும் பிந்தியே கருதப்பட்டனர். பார்வையற்றோர்க்கு நூல் வழங்க அமெரிக்கா 1931இல் இயற்றிய சட்டம் பெரியவர்களை மட்டுமே குறித்தது. அவ்வரையறை 1952இல்தான் நீக்கப்பட்டது.

பிரித்தானியாவில் 1985இல் தொடங்கிய கிளியர்விஷன் நூலகம், வழக்கமான படநூல்களின் பக்கங்களுக்கிடையே பிரெயில் பொறித்த கண்ணாடித்தாள்களை இணைத்தது. பார்வையுள்ளோரும் பார்வையற்றோரும் ஒரே நூலைச் சேர்ந்து படிக்க இது வழிசெய்தது. எனினும் படத்தில் உள்ளதை அருகிலிருப்பவர் சொன்னாலன்றிக் குழந்தை அறிய இயலாது.

விவரிப்பு நெறியின் இரு ஊற்றுகள்

இன்றைய விவரிப்பு நெறிகள் படநூல்களிலிருந்து பிறந்தவை அல்ல. ஓர் ஊற்று நாடக அரங்கு. 1981இல் வாஷிங்டன் அரினா ஸ்டேஜ் அரங்கில் மார்கரெட் ஃபான்ஸ்டீல் தொடங்கிய ஒலி விவரிப்பு மரபு, கண்டதைச் சொல்லுதல், பொருள் உரைக்காதிருத்தல் என்பதை வலியுறுத்தியது. மற்றோர் ஊற்று இணையம். 1995இல் வெளியான எச்டிஎம்எல் 2.0 வரையறையில் படத்துக்கான மாற்றுரை இடம்பெற்றது. படம் காட்ட இயலாத உலாவிகளுக்கும் அது பயன்பட்டது. 1999 மே மாதம் வெளியான இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டியின் முதல் நெறியே படத்துக்கு நிகரான உரையைக் கோரியது. சுருக்கம், நடுநிலை, அணிப்படங்களை விட்டுவிடுதல் ஆகியவை இவ்வழி வந்த பழக்கங்கள்.

இப்பழக்கங்கள் படநூலில் இடர்ப்படுகின்றன. ஹட்சின்ஸின் நூலில் நரி முதன்முறை பாயும் பக்கத்தில், தரையில் சருகு வாரும் நீண்ட பிடியுள்ள வாரி ஒன்று கிடக்கிறது. எழுத்தே இல்லாத அடுத்த பக்கத்தில் அது நரியின் முகத்தில் அறைகிறது. கண்ணில் பட்ட அனைத்தையும் பட்டியலிட்டால் வாரி பட்டியலில் மறையும். நரி அதை மிதிக்கப்போகிறது என்று விளக்கினால் நகைச்சுவை அழியும். வாரியைச் சொல்லி விளைவைச் சொல்லாதிருப்பதே தக்கது. எதை, எந்த வரிசையில், எங்கு நிறுத்திச் சொல்வது என்பது இங்குக் கதைசொல்லல் சார்ந்த முடிவு.

2013 ஜூன் 27இல் ஏற்கப்பட்ட மராகேஷ் உடன்படிக்கை, தான் கருதும் படைப்புகளில் எழுத்தோடு தொடர்புடைய படங்களையும் சேர்த்தது. அணுகத்தக்க படி மூலத்தின் முழுமையைப் பேண வேண்டும் என்றும் கூறியது. 2014இல் அதற்கு முதலில் ஒப்புறுதி அளித்த நாடு இந்தியா. 2016 செப்டம்பர் 30இல் அது நடைமுறைக்கு வந்தது. படநூலைப் பொறுத்தவரை, படத்தை விடுத்த முழுமை முழுமையாகாது.

தமிழில் விவரித்தல்

தமிழ் விவரிப்பாளருக்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. தமிழ் வினைமுற்று திணையும் பாலும் காட்டும். பின்புறம் மட்டும் தெரியும் ஒரு சிறாரை ‘ஓடுகிறான்’ என்றோ ‘ஓடுகிறாள்’ என்றோ எழுதிய கணமே, படம் சொல்லாததை விகுதி சொல்லிவிடுகிறது. ‘நரி வருகிறது’, ‘நரியார் வருகிறார்’ என்பனவும் ஒன்றல்ல. பின்னது நரியைக் கதைமாந்தராக்குகிறது. ஆகவே முழு நடுநிலை தமிழில் இயல்வதன்று.

இதற்கு உதவும் சிந்தனை மரபிலேயே உள்ளது. உயர்திணை எனத் தெரிந்து பால் ஐயுற்ற இடத்துப் பன்மையாற் கூறுக என்பது தொல்காப்பியக் கிளவியாக்க விதி. மகவு, குழவி முதலிய சொற்கள் மக்களைக் குறிப்பினும் அஃறிணை முடிபு கொள்ளும் என்பதையும் அவ்வியல் கூறும். ‘குழந்தை ஓடுகிறது’ என்னும் இன்றைய வழக்கு இவ்வழியில் வைத்து எண்ணத்தக்கது. பன்மை விகுதி இன்று மரியாதைப் பொருளும் தருவதால், சிறார் படங்களுக்கு இவ்வழக்கே இயல்பாக அமையும்.

முடிவுரை

பட விவரிப்பு நெறிகள் அரங்கிலும் இணையத்திலும் உருவானவை. படமே கதைகூறும் நூல்களுக்கு அவை அப்படியே பொருந்தா. படநூல் விவரிப்பு மொழிபெயர்ப்புக்கு ஒப்பான எழுத்துப்பணியாகக் கருதப்படவேண்டும். தமிழுக்கென விவரிப்பு நெறி வகுக்கும்போது, பிறமொழி வழிகாட்டிகளைப் பெயர்ப்பதோடு அமையாமல், திணை, பால் பற்றிய தமிழ் இலக்கணச் சிந்தனையையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.