நிறுவன மாற்ற ஆலோசகர்

ஒரு நிறுவனம் தன் வேலைமுறையையும் நிர்வாகத்தையும் திருத்தியமைக்க வெளியிலிருந்து அமர்த்திக்கொள்ளும் வல்லுநர். முடிவெடுப்பது நிறுவனமே, வழிகாட்டுவது இவர் பணி.

முன்னோடி ஒருவர்: அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங் 1950இல் ஜப்பானில் தரக் கட்டுப்பாடு குறித்து ஆற்றிய உரைகள் அந்நாட்டுத் தொழில்துறையை மாற்றின. அவர் பெயரிலான டெமிங் பரிசு 1951 முதல் வழங்கப்படுகிறது.

சென்னை நிறுவனங்களில்: பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன், ஜப்பானியப் பேராசிரியர் யோஷிகாசு சுடாவின் வழிகாட்டலில் முழுமைத் தர மேலாண்மையைக் கைக்கொண்டது. 1998இல் டெமிங் பரிசு பெற்ற முதல் இந்திய நிறுவனமானது. டிவிஎஸ் மோட்டார் அதை 2002இல் பெற்றது. 1948இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி, 1955இல் பெயர் மாறிய அசோக் லேலண்டின், உத்தராகண்டிலுள்ள பந்த்நகர் ஆலைக்கு 2016இல் அப்பரிசு கிடைத்தது.

செயல்முறை: ஆலோசகர் முதலில் போக வேண்டிய இடம் இயந்திரத்தின் அருகே. ஓர் உதிரிபாகம் கழிவானால், யார் தவறு என்று கேட்பதில்லை. ஏன் கழிவானது? கருவி தேய்ந்ததால். ஏன் தேயும்வரை விட்டார்கள்? மாற்றும் நாள் குறிக்கப்படவில்லை. இப்படி வேர்வரை சென்று, தீர்வைத் தொழிலாளரே எழுதி வைக்கச் செய்வார்.

வரம்பு: மேலிடம் ஒப்புக்குக் கேட்டாலோ, தொழிலாளர் மாற்றத்தை ஆட்குறைப்பின் முன்னோட்டமாகக் கண்டு அஞ்சினாலோ அது வேரூன்றாது. ஆலோசகர் விடைபெற்ற பின்னும் நிலைப்பதே உண்மையான மாற்றம்.