யானைக்கால் நோய்த் தடுப்பு (புதுச்சேரி)

புதுச்சேரிப் பிரதேசத்தில் நெடுங்காலம் வேரூன்றி நின்ற நாட்பட்ட நோய்களுள் ஒன்றாகிய யானைக்கால் நோயை, மருத்துவர்கள் மட்டுமன்றி நகராட்சியார், பொதுப்பணித் துறையார், ஆராய்ச்சியாளர், மாணவர், வீட்டுக்காரர், உப்பு வியாபாரிகள் ஆகிய பல திறத்தாரும் கூடித் தடுக்க முயன்ற வரலாறு இத்தலைப்பின்கண் அடங்கும். உயிரைப் பறிப்பது அரிதாயினும், உழைத்துப் பிழைக்கும் மனிதனின் காலையே முடக்கி, அவனை ஊரார் கண்ணுக்கு ஒதுங்கி வாழச் செய்வது இந்நோயின் கொடுமை. ஒருமுறை தடித்துப்போன கால் பழைய நிலைக்குத் திரும்புவது பெரும்பாலும் இல்லையாதலின், இந்நோயைப் பொறுத்தவரை தடுப்பே தலையாய சிகிச்சையாகும்.

பண்டை வரலாறு: இந்நோயைப் பற்றிய அறிவு பாரத நாட்டில் மிகத் தொன்மையானது. சுசுருத சங்கிதை இதனைச் சிலீபதம் என்னும் பெயரால் விவரிப்பதோடு, பழைய நீர் மிகுதியாகத் தேங்கி, எல்லாப் பருவங்களிலும் குளிர்ச்சி மாறாதிருக்கும் தேசங்களிலேயே இது விசேஷமாகத் தோன்றுமென்றும் குறிப்பிடுகின்றது. கொசுவின் தொடர்பை அந்நூலார் அறிந்திலராயினும், தேங்கிய நீருக்கும் வீங்கிய காலுக்கும் உள்ள சம்பந்தத்தை அத்துணைப் பழங்காலத்திலேயே கண்டுணர்ந்தது வியந்து போற்றத்தக்கது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவில் தங்கியிருந்த டச்சுக்காரராகிய லின்ஸ்கோட்டன், 1596-இல் வெளிவந்த தம் யாத்திரை நூலில், புனித தோமையாரைக் கொன்றவர்களின் சந்ததியார் சாபத்தினால் இத்தகைய காலோடு பிறக்கின்றனர் என்னும் கதையை எழுதிவைத்தார். நோயுற்றவனையே குற்றவாளியாக்கும் இத்தகைய கதைகள், நோயினும் நீண்ட ஆயுள் உடையன.

நோயின் காரணத்தைக் கண்டறிந்த பெருமை பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு உரியது. 1863-இல் பாரிஸ் நகரத்து அறுவை மருத்துவராகிய தெமார்க்கே, விரைவீக்கத்தினின்று எடுத்த நீரில் நுண்புழுக்களைக் கண்டார்; 1866-இல் பிரேசில் நாட்டில் வூக்கரர் அவற்றைச் சிறுநீரிலும், 1872-இல் கல்கத்தாவில் திமோதி லூயிஸ் மனித இரத்தத்திலும் கண்டனர்; 1876-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஜோசப் பாங்க்ராப்ட் முதிர்ந்த புழுவையே கண்டெடுத்தார். வூக்கரர், பாங்க்ராப்ட் இருவர் பெயரையும் இணைத்தே அப்புழு இன்று வூக்கரீரியா பாங்க்ராப்டி என வழங்கப்படுகின்றதாயினும், முதற்கண்டவர் தெமார்க்கேயே ஆதலின், முதற்புகழ் பாரிஸுக்கே உரியது. 1877-இல் சீனத்து அமாய் துறைமுகத்தில் பாட்ரிக் மான்சன், நுண்புழு கொசுவின் உடலுக்குள் வளர்வதைக் கண்டறிந்தார். எனினும் கொசு மடிந்த நீரைப் பருகுவதால் நோய் பற்றுகின்றதென்று அவர் எண்ணியிருந்தார். கொசுவின் கடி வழியாகவே புழு பரவுகின்றது என்பது 1900-ஆம் ஆண்டளவில், லோ என்பார் கொசுவின் உறிஞ்சு குழலுக்குள்ளேயே புழுவைக் கண்ட பின்னரே உறுதியாயிற்று.

நோயின் இயல்பு: இந்நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு தெளிந்த நீரை அவ்வளவாக நாடாது, சாக்கடையும் மலக்குழியும் பாழ்ங்கிணறுமே அதற்கு உவந்த இடங்கள். இரவில் மனித இரத்தத்தில் மிகுந்து உலவும் நுண்புழுக்களை உறிஞ்சிய கொசுவின் உடலில், இரண்டு வார காலத்துக்குள் அவை வளர்ந்து, பிறரைப் பற்றும் பக்குவம் அடைகின்றன. உடலில் புகுந்த புழு முதிர்ந்து நிணநீர்க் குழாய்களில் ஆண்டுக்கணக்கில் வாழும். ஒருமுறை கடிப்பதால் நோய் வந்துவிடுவதில்லை. எண்ணற்ற கடிகளால் பல ஆண்டுகள் சென்று நெறிகட்டுதலும் காய்ச்சலும் விட்டுவிட்டுத் தோன்றிய பின்னரே வீக்கம் நிலைபெறுகின்றது. ஆகவே ஒரு தெருவின் சாக்கடை எவ்வாறு ஓடுகின்றது என்பதே அத்தெருவாசியின் கால் பத்தாண்டுகளுக்குப் பின் எவ்வாறிருக்கும் என்பதை நிர்ணயிக்கின்றது எனலாம். சாக்கடையோ மருத்துவரின் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று.

நீரை வடித்து அப்புறப்படுத்தும் கலை இந்நிலத்துக்குப் புதியதன்று. புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றுக்கும் சமுத்திரத்துக்கும் இடையே அமைந்த மீனவக் கிராமமாகிய வீராம்பட்டினத்தை அடுத்த அரிக்கமேட்டில், 1945-இல் தொல்பொருள் அறிஞர் வீலர் நிகழ்த்திய அகழ்வாராய்ச்சியில், செங்கல்லாற் கட்டிய தொட்டிகளும் அவற்றுக்குரிய நீர்ப்போக்குக் கால்வாய்களும் வெளிப்பட்டன. துணிக்குச் சாயம் ஏற்றுதற்கு அவை பயன்பட்டிருத்தல் கூடுமென அறிஞர் கருதுவர்.

கூட்டு முயற்சி: பாரத அரசு 1955-இல் தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கிற்று. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சியினின்று நீங்கிய புதுச்சேரியில், 1975-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தை நிறுவிற்று. பி. கே. ராஜகோபாலன் அவர்களின் தலைமையில் அம்மையம் 1981 முதல் 1985 வரை நகரில் நடத்திய செயல்விளக்கத் திட்டமே இவ்வரலாற்றின் சிகரமாகும். மருந்து தெளிப்பதையே நம்பியிராமல், கொசு பெருகும் இடத்தையே இல்லாமற் செய்வது அதன் கொள்கை. வாய்க்காலைத் தூர்வாருவதும், பாழ்ங்கிணற்றைத் தூர்ப்பதும், குழிகளை மூடுவதும், நீர்நிலைகளில் கொசுப்புழுத் தின்னும் மீன்களை விடுவதும், ஆகாயத்தாமரையை அகற்றுவதும் அதன் காரியங்கள். இவற்றுள் வாய்க்கால் நகராட்சிக்கும் பொதுப்பணித் துறைக்கும் உரியது. கிணறும் குழியும் வீட்டுக்காரருக்கு உரியவை. ஒவ்வொருவரும் தத்தம் பங்கைச் செய்தாலன்றி முடியாத காரியம் அது. கொசுக் கடி பெரிதும் குறைந்தது. குழந்தைகளின் இரத்தத்தில் நுண்புழு காணப்படுவதும் அருகிற்று.

கடற்கரைக் கிராமங்களில் அம்மையம் செய்த மலேரியாத் தடுப்புப் பணியும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. உப்பங்கழியில் மண்டும் பாசியிடையே பெருகும் கொசுவை ஒழிக்க, பாசியை அள்ளுமாறு கிராமத்தாரை ஊக்கி, அப்பாசியைக் காகிதம் செய்யப் பயன்படுத்தவும், அந்நீரில் மீன் வளர்க்கவும் வழிகாட்டினர். சுகாதாரத்தை வருவாயோடு பிணைத்த இந்த யோசனை மிக நுட்பமானது. இதே காலத்தில், புதுச்சேரிப் பிரதேசத்தைச் சேர்ந்த காரைக்காலில், நுண்புழுவை அழிக்கும் டி.இ.சி. மருந்து கலந்த உப்பு மக்களுக்கு வழங்கப்பட்டு, அங்கும் நோய்ப்பற்று வெகுவாகத் தணிந்தது. அம்முயற்சியில் கடைக்காரரின் தராசே மருத்துவச் சாலையின் வேலையைச் செய்தது.

தளர்ச்சி: இம்முயற்சி பின்னர்த் தளர்ந்த விதத்தை ஊர்த்தேர் ஒன்றோடு ஒப்பிட்டு விளக்கலாம். வீராம்பட்டினத்துச் செங்கழுநீரம்மனின் ஆடித் தேரைப் பிரெஞ்சுக் காலத்தில் கவர்னரே வடம்பிடித்துத் தொடங்கிவைத்தார், அவ்வழக்கம் இன்றும் துணைநிலை ஆளுநரால் தொடர்கின்றது. ஆட்சியாளர் முதலில் கைவைத்தாலும், தேர் நிலைக்கு வரும்வரை வடத்தை விடாதவர்கள் ஊரார். கொசுத் தடுப்பிலோ, தேர் நிலைக்கு வருமுன்னரே வடம் கைநழுவியது. 1985-இல் திட்டம் முடிந்தபின் வாய்க்கால்கள் மீண்டும் தூர்ந்தன; கொசு மீண்டும் பெருகியதையும், அதனால் நோயின் போக்கு மாறியதையும் பின்வந்த ஆராய்ச்சிகள் பதிவு செய்துள்ளன. ஆராய்ச்சி நிலையமொன்று கூட்டிவைத்த துறைகளை, அது விலகிய பின்னும் கூட்டிவைக்க நிலையான அமைப்பு ஏதும் உருவாக்கப்படாமை இதற்குக் காரணம். மாத்திரையால் மட்டுமே நோயை ஒழித்துவிடலாம் என்ற அபிப்பிராயம் பின்னர் வலுப்பெற்றதாயினும், சாக்கடை ஓடாத ஊரில் அதன் பயன் நிலைக்குமா என்னும் ஐயம் எழுகின்றது.

இக்கால நிலை: 1997-இல் உலக சுகாதார மன்றம் இந்நோயை ஒழிக்கத் தீர்மானித்தது, இந்தியாவில் 2004 முதல் ஆண்டுதோறும் மாத்திரை வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. இலங்கை 2016-இல் இந்நோயை ஒழித்த நாடென உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. கால் தடித்தவர்களுக்கு நாள்தோறும் சோப்பு நீரால் கழுவி உலர்த்துதலும், புண்ணுக்கு உடனே மருந்திடுதலும், தக்க பாதரட்சை அணிதலும் கற்பிக்கப்படுகின்றன.