ஆற்றுக்கு இரு கரை, வழக்குக்கு இரண்டு தீர்ப்பு

1807-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். டெட்ராய்ட்டில் இருந்த மிச்சிகன் பிரதேச உச்ச நீதிமன்றத்துக்கு ஓர் ஆட்கொணர்வு மனு வந்தது. மனுவின் பின்னால் நின்றவர்கள் பீட்டர் டெனிசன், ஹன்னா என்ற கறுப்பினத் தம்பதி. சில மாதங்களுக்கு முன்புவரை அவர்களே இன்னொருவருக்குச் சொத்தாக இருந்தவர்கள். ‘எங்கள் பிள்ளைகள் எலிசபெத், ஜேம்ஸ், சிப்பியோ, பீட்டர் ஆகிய நால்வரையும் கேத்தரின் டக்கர் என்ற விதவை தன் வீட்டில் வைத்திருக்கிறார். அவர்களை நீதிபதி முன் நிறுத்தி, எந்தச் சட்டப்படி வைத்திருக்கிறார் என்று கேளுங்கள்’ என்பதே கோரிக்கை.

அமெரிக்க எல்லைப்புற வழக்குகளைப் பற்றிப் பேசும்போது கவர்னர்களும் நீதிபதிகளும்தான் முன்வரிசைக்கு வந்துவிடுகிறார்கள். இந்த வழக்கில் முன்வரிசை டெனிசன் குடும்பத்துக்கே உரியது. ஏட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு சட்டத்தை நீதிபதியின் மேசைக்குக் கொண்டுவந்து ‘இதற்குப் பொருள் சொல்லுங்கள்’ என்று கேட்டவர்கள் அவர்கள்.

அந்தச் சட்டம் 1787-ல் இயற்றப்பட்ட வடமேற்குப் பிரதேச ஆணை. ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கே உள்ள பெருநிலம் முழுவதிலும் அடிமைமுறை கூடாது என்று அதன் ஆறாவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆனால், டெட்ராய்ட்டில் அடிமைகள் இருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கோட்டை கட்டிய காலத்திலிருந்தே இருந்தார்கள். ஆப்பிரிக்க வழிவந்தவர்கள் மட்டுமல்ல, ‘பானி’ என்ற பெயரில் வாங்கி விற்கப்பட்ட பூர்வகுடி மக்களும் அவர்களில் உண்டு. 1810 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் மிச்சிகனில் 24 அடிமைகள் பதிவாகியிருக்கிறார்கள். தடை ஏட்டில் ஏறி 23 ஆண்டுகள் கழித்தும் இந்த நிலை.

வழக்கின் வேர் ஓர் உயிலில் இருக்கிறது. கேத்தரினின் கணவர் வில்லியம் டக்கர், டெட்ராய்ட்டுக்கு வடக்கே, அன்று ஹூரான் என்றும் இன்று கிளின்டன் என்றும் வழங்கும் ஆற்றங்கரையில் நிலம் வைத்திருந்தவர். சிறுவயதில் ஒஜிப்வே மக்களிடம் சிறைப்பட்டு அவர்களிடையே வளர்ந்தவர். அவர்கள் மொழி அறிந்ததால் பிற்பாடு பிரிட்டிஷாருக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். சிறைப்பட்ட பிள்ளையாக வாழ்க்கையைத் தொடங்கிய அந்த மனிதர், வளர்ந்தபின் இன்னொரு குடும்பத்தை விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டார். மனத்தை நெடுநேரம் உறுத்தும் விஷயம் இது. 1805-ல் அவர் இறந்தபோது, தன் மனைவியின் காலத்துக்குப் பிறகு பீட்டருக்கும் ஹன்னாவுக்கும் விடுதலை என்று உயிலில் எழுதிவைத்தார். பிள்ளைகளுக்கு அதில் விடுதலை இல்லை. அவர்கள் டக்கர் குடும்பச் சொத்தாகவே நீடிக்க வேண்டும்.

இங்கேதான் எலிஜா பிரஷ் வருகிறார். வெர்மான்ட்டிலிருந்து வந்து டெட்ராய்ட்டில் தொழில் நடத்திய வழக்கறிஞர். 1806-ல் நகரத்தின் இரண்டாவது மேயரானவர். பீட்டரும் ஹன்னாவும் கேத்தரினிடமிருந்து பிரஷ் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே ஓராண்டு ஒப்பந்த வேலை, அதன் முடிவில் விடுதலை. கேத்தரின் சாகும்வரை காத்திருக்க வேண்டிய நிலை மாறியது. விடுதலை கைக்கு வந்ததும் அந்தத் தம்பதி செய்த முதல் பெரிய காரியம் பிள்ளைகளுக்காக வழக்குப் போட்டது. அவர்களுக்காக வாதாடியவரும் பிரஷ்தான். அவர் மனைவி அடிலெய்டின் தந்தை ஜான் ஆஸ்கின், தாமே அடிமைகளை வைத்திருந்த பெரிய வணிகர். மாமனார் வீட்டுத் தொழில் எதுவோ அதற்கு எதிராகவே மருமகன் நீதிமன்றத்தில் நின்றார். கேத்தரின் தரப்பில் வாதாடியவர் ஹாரிஸ் ஹிக்மன்.

தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அகஸ்டஸ் உட்வர்ட். நியூயார்க்கில் பிறந்தவர், அன்றைய அமெரிக்க ஜனாதிபதி ஜெபர்சனின் நண்பர். 1805 ஜூன் 11 அன்று டெட்ராய்ட் முழுவதும் தீயில் வெந்து சாம்பலானது. அதே மாதக் கடைசியில் பதவியேற்க வந்த உட்வர்டுக்குக் கிடைத்தது ஊர் இல்லை, கரிக்கட்டைகள். புதிய நகரத்துக்கான தெருவரைபடத்தை அவரே போட்டார். அன்றைய ஏற்பாட்டின்படி கவர்னரும் மூன்று நீதிபதிகளும் சேர்ந்ததுதான் சட்டசபை. ஆகச் சட்டம் வகுப்பதும் அவர்கள், அதற்குப் பொருள் சொல்வதும் அவர்கள். மேல்முறையீட்டுக்கு வேறு கதவு கிடையாது. டெனிசன் பிள்ளைகளின் வாழ்க்கை அப்படிப்பட்ட ஒரு மன்றத்தின் கையில் இருந்தது.

உட்வர்ட் வழக்கை நிதானமாகத்தான் ஆராய்ந்தார். 1787 ஆணை அடிமைமுறையைத் தடுக்கிறது, சரி. ஆனால், டெட்ராய்ட் உண்மையில் அமெரிக்கர் கைக்கு வந்தது 1796 ஜூலை 11 அன்று. புரட்சிப் போர் முடிந்தும் பிரிட்டிஷார் கோட்டையை விடாமல் 13 ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை வெளியேற்றிய 1794 ஜே ஒப்பந்தம், அங்கே குடியிருப்போர் தங்கள் எல்லா வகைச் சொத்தையும் தொடர்ந்து அனுபவிக்கலாம் என்று வாக்குக் கொடுத்திருந்தது. அமெரிக்க அரசியல் சாசனப்படி ஒப்பந்தம் என்பது நாட்டின் உயர்ந்த சட்டம். அடிமையும் ஒரு வகைச் சொத்து என்றால், ஒப்பந்தம் அதையும் காக்கும்.

அப்படியானால், 1796 வரை டெட்ராய்ட்டில் நடந்தது எந்தச் சட்டம்? பிரிட்டிஷ் மாகாணமான மேல் கனடாவின் சட்டம். அங்கே 1793-ல் கவர்னர் சிம்கோ ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தார். இருக்கும் அடிமைகள் அடிமைகளாகவே இருப்பார்கள். இனிமேல் பிறக்கும் அவர்களுடைய பிள்ளைகள் 25 வயதில் விடுதலை பெறுவார்கள். புதிதாக யாரையும் அடிமையாக உள்ளே கொண்டுவர முடியாது. அந்தச் சட்டத்துக்குப் பின்னாலும் ஒரு பெண் உண்டு. 1793 மார்ச்சில் குளோயி கூலி என்ற அடிமைப் பெண்ணை அவளுடைய எஜமானன் கயிற்றால் கட்டி, படகில் தூக்கிப் போட்டு, நயாகரா ஆற்றின் மறுகரையில் விற்கக் கொண்டுபோனான். அவள் கத்தியும் திமிறியும் போராடினாள். அதைக் கண்ட பீட்டர் மார்ட்டின் என்ற கறுப்பினப் போர்வீரர் கவர்னரின் அவையில் போய் முறையிட்டார். குளோயி கூலி மீளவில்லை. அவளுடைய கூக்குரலில் பிறந்த சட்டம்தான் 14 ஆண்டுகள் கழித்து டெட்ராய்ட்டில் நான்கு பிள்ளைகளின் வயதைக் கணக்குப் பார்க்க உதவியது.

தீர்ப்பு வந்தது. 1793-க்கு முன் பிறந்தவர்கள் ஆயுள் முழுவதும் அடிமைகள். அதற்கும் 1796 கைமாற்றத்துக்கும் இடையே பிறந்தவர்கள் 25 வயதுவரை அடிமைகள். அதன் பிறகு பிறந்தவர்கள் பிறவியிலேயே சுதந்திரர்கள். இந்தக் கணக்கில் எலிசபெத், ஜேம்ஸ், சிப்பியோ மூவரும் ஆயுள் அடிமைகள். சின்னவன் பீட்டருக்கு மட்டும் 25 வயதில் விடுதலை. ஒரே தாய், ஒரே தந்தை, ஒரே கூரை. பிறந்த தேதி மட்டும் வேறு.

உட்வர்டுக்கு அடிமைமுறை பிடிக்காது. தீர்ப்பிலேயே அதைக் கண்டித்திருக்கிறார். ஒப்பந்தம் கையைக் கட்டிவிட்டது என்பது அவர் நிலை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ‘எல்லா வகைச் சொத்தும்’ என்ற சொற்களுக்குள் மனிதரும் அடக்கம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கவில்லை. அந்தப் பொருளை ஊற்றியவர் உட்வர்ட். 1787 ஆணையின் தெளிவான வாசகத்துக்கும் ஒப்பந்தத்தின் மங்கலான வாசகத்துக்கும் நடுவே நின்று, மங்கலானதன் பக்கம் சாய்ந்தார். அப்படிச் சாய்ந்ததற்கான விலையைக் கொடுத்தவர் எலிசபெத்.

ஆனால், கதை அடுத்த மாதமே திரும்பியது. அக்டோபரில் அதே மன்றத்தில் இன்னொரு வழக்கு. மேல் கனடாவில் சாண்ட்விச் என்ற ஊரைச் சேர்ந்த வணிகர் ரிச்சர்ட் பாட்டின்சன், தன்னிடமிருந்து ஜென்னி, ஜோசப் குவின் என்ற இருவர் ஆற்றைக் கடந்து டெட்ராய்ட்டுக்கு ஓடிவந்துவிட்டார்கள், பிடித்துக் கொடுங்கள் என்று கேட்டார். அதே சமயம், ஆம்ஹர்ஸ்ட்பர்க்கில் பெரும்பண்ணை நடத்திய மாத்யூ எலியட்டின் அடிமைகள் சிலரும் இப்படி ஓடிவந்திருந்தார்கள்.

இந்த முறை உட்வர்ட் மறுத்தார். ஒப்பந்தம் காப்பது 1796-ல் இந்த மண்ணில் குடியிருந்தோரின் உடைமையை மட்டுமே. அமெரிக்க மாநிலம் ஒன்றிலிருந்து தப்பி வந்தவரைத் திருப்பித் தரச் சட்டம் உண்டு. வேற்று நாட்டிலிருந்து வந்தவரைத் திருப்பித் தர எந்தக் கடமையும் இல்லை. மற்றபடி மிச்சிகன் மண்ணில் கால் வைக்கும் மனிதர் சுதந்திரர் என்றே சட்டம் கருதும். ஜென்னியும் ஜோசப்பும் திருப்பி அனுப்பப்படவில்லை.

இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தவர்களுக்கு ஒரு வழி தெரிந்தது. கனடாவிலிருந்து ஓடி வருபவரை மிச்சிகன் திருப்பித் தராது. மிச்சிகனிலிருந்து கனடாவுக்குப் போனாலோ, 1793 சட்டப்படி புதிதாக அங்கே போகிறவர் அடிமையாக முடியாது. இரண்டு நாட்டுக்கும் நடுவே இருப்பது டெட்ராய்ட் ஆறு. ஊருக்கு எதிரே அதன் அகலம் ஒரு மைல்கூட இல்லை. எலிசபெத்தும் தம்பி சிப்பியோவும் ஆற்றைக் கடந்தார்கள். கனடா வடக்கே இருப்பதாகத்தான் நாம் நினைப்போம். டெட்ராய்ட்டுக்கு எதிர்க்கரை தெற்கே இருக்கிறது. அவர்கள் விடுதலைக்குப் போன திசை தெற்கு. சில ஆண்டுகள் கழித்து டெட்ராய்ட்டுக்குத் திரும்பியபோது சுதந்திர மனிதர்களாகவே வாழ்ந்தார்கள். நீதிமன்றம் ஆயுள் அடிமை என்று எழுதிவைத்த தீர்ப்பு அப்படியே ஏட்டில் இருந்தது. அதை நிறைவேற்றத்தான் யாராலும் முடியவில்லை.

பீட்டர் டெனிசனுக்கு வேறொரு பொறுப்பும் வந்தது. பிரிட்டனோடு போர் மூளுமோ என்ற பதற்றத்தில், கவர்னர் வில்லியம் ஹல் அவர் தலைமையில் கறுப்பினத்தவர் கொண்ட ஒரு காவல்படை அமைக்க எழுத்துமூலம் அனுமதி கொடுத்தார். அதில் சேர்ந்தவர்களில் கனடாவிலிருந்து தப்பி வந்தவர்களும் இருந்தார்கள். ஆற்றின் மறுகரையில் அடிமைகளின் எஜமானர்கள் பார்த்துக்கொண்டிருக்க, இந்தக் கரையில் முன்னாள் அடிமைகள் துப்பாக்கியோடு அணிவகுத்தார்கள். அந்த 1807 நவம்பரில்தான் ஹல், ஒஜிப்வே, ஒடாவா, பொடவாடமி, வயண்டாட் மக்களிடமிருந்து தென்கிழக்கு மிச்சிகன் நிலத்தை ஒப்பந்தம் எழுதி வாங்கினார். ஒரே ஆண்டில் ஒரே கவர்னரின் கையெழுத்து, ஒரு சாராருக்கு ஆயுதம் தந்தது, இன்னொரு சாராரின் நிலத்தை எடுத்தது. எல்லைப்புறத்தின் வரலாற்றை இந்த இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

எலிசபெத்தை ஊரார் லிசெட் என்று அழைத்தார்கள். நகரத்தின் முதல் மேயர் சாலமன் சிப்லி வீட்டிலும், பிறகு பிடில் குடும்பத்திலும் வேலை பார்த்தார். சம்பளத்தைச் சேர்த்து, 1825 ஏப்ரலில் பான்டியாக் நகரில் 48.5 ஏக்கர் நிலம் வாங்கினார். அந்தப் பகுதியில் நிலம் வாங்கிய முதல் கறுப்பினப் பெண் அவர் என்கிறார்கள். நிலத்தைத் தம்பி சிப்பியோவுக்குக் குத்தகைக்கு விட்டார். வங்கியிலும் ‘மிச்சிகன்’ என்ற நீராவிக் கப்பலிலும் பங்கு வாங்கினார். 1827-ல் சிப்பியோ ஃபோர்த் என்பவரை மணந்தார். கணவர் சில ஆண்டுகளிலேயே இறந்துபோனார். அதன் பிறகு லிசெட் பிடில் குடும்பத்தோடு பாரிஸ் நகரத்திலும் சில காலம் வாழ்ந்தார்.

ஊரில் அடிமைமுறை அவ்வளவு வேகமாக ஒழியவில்லை. 1830 கணக்கெடுப்பிலும் பரந்த மிச்சிகன் பிரதேசத்தில் 32 பேர் அடிமைகளாக எழுதப்பட்டார்கள். 1837-ல் மாநிலமானபோது இருந்த அரசியல் சாசனம்தான் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது.

லிசெட்டுக்கு எழுதத் தெரியாது. 1860-ல் தன் உயிலைச் சொல்லச் சொல்ல எழுதவைத்து, கீழே கையெழுத்துக்குப் பதிலாகக் குறி போட்டார். டக்கர் எழுதிய உயில் அவரைச் சொத்தாக்கியது. அவர் எழுதவைத்த உயில், உறவினர்களுக்குப் பங்கு கொடுத்தபின் மீந்த பணத்தில், ஏழையும் பணக்காரரும் ஒன்றாக உட்கார்ந்து வழிபட ஒரு தேவாலயம் கட்டச் சொன்னது. 1866-ல் அவர் இறந்தார். சுமார் 1,500 டாலர் சேர்ந்தது. பிடில் குடும்பத்து மகன்கள் மிச்சத்தைப் போட்டார்கள். டெட்ராய்ட் ஆற்றில் உள்ள குரோஸ் ஐல் தீவில் 1867-ல் கட்டத் தொடங்கிய புனித ஜேம்ஸ் தேவாலயத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது.

(தொடரும்)