மழையால் காலியான அமுதசுரபி

அமுதசுரபின்னா எல்லாருக்கும் மணிமேகலைதான் ஞாபகம் வருவாள். அவளுக்கு முன்னாடி அது ஆபுத்திரன் கையில் இருந்தது. எனக்கு அந்தக் கதைதான் பெரிசாப் படுது.

மதுரையில் பிச்சையெடுத்து, கண் தெரியாதவங்க, நடக்க முடியாதவங்களுக்குப் போட்டது போக மிச்சத்தைச் சாப்பிட்டவன் அவன். ஒரு மழை ராத்திரி, பசியோடு வந்தவங்களுக்குக் கொடுக்க ஒண்ணுமில்லாமல் தவித்தப்போ சிந்தாதேவி அந்தப் பாத்திரத்தைக் கொடுத்தாள். அப்புறம் இந்திரன் வந்தான், வரம் கேள் என்றான். ஆபுத்திரன் சிரித்து அனுப்பிட்டான். கோபத்தில் இந்திரன் என்ன செய்தான் தெரியுமா? 12 வருஷம் காய்ந்து கிடந்த பாண்டிய நாட்டுக்கு மழையைக் கொடுத்தான்!

விளைஞ்சது, பசி போச்சு. சாப்பிட ஆள் தேடி ஊர் ஊரா அலைஞ்சவனை ஜனங்க இளக்காரமாப் பார்த்தாங்க. வெள்ளாமை அமோகமா வந்து தக்காளியை ரோட்டில் கொட்டினவங்களுக்கு அவன் நிலைமை புரியும். கடைசியில் மணிபல்லவத் தீவில் தனியா மாட்டிக்கிட்டவன், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுட்டு, உண்ணாமலே உயிரை விட்டான்.

இதை எழுதின சாத்தனாருக்குப் பட்டப்பேரே கூலவாணிகன். கூலம்னா தானியம். தானிய வியாபாரிக்குத் தெரியாதா, குதிர் நிறைஞ்ச ஊரில் அற்புதச் சோத்துக்கு வேலையில்லைன்னு?

இன்னொண்ணு. மணிமேகலை கைக்கு வந்தப்பவும் அது வெறும் பாத்திரம்தான். ஆதிரை தன் வீட்டுச் சோத்தை முதல் பிச்சையாப் போட்ட பிறகுதான் ஊற ஆரம்பிச்சது. காயசண்டிகையின் யானைத்தீப் பசி அடங்கினதும் அதுக்கப்புறம்தான்.